அதே சுமை, 21ஆம் முறை: உரம் தூவும் விமானங்கள் புறப்படும்போது ஏன் விழுகின்றன?

நியூசிலாந்தின் மலைப் பண்ணைகளில் உரம் தூவும் விமானங்கள், கையேட்டில் குறித்துள்ள உச்ச எடையையும் தாண்டிச் சுமை ஏற்றிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறதே, அப்படியிருக்க அதிகச் சுமையால் விபத்து என்று சொல்வதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். காலையிலிருந்து 20 முறை அதே சுமையோடு கிளம்பிய விமானம் 21ஆம் முறை மட்டும் வேலியில் மோதுவது எப்படி என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கான விடையும் இரண்டாவதற்குள்ளேயே இருப்பதாக நான் நினைக்கிறேன். இவ்வகை விபத்துகளில் பெரும்பாலும் அன்றைக்கு யாரும் புதிதாக எதையும் கூடுதலாக ஏற்றியிருக்க மாட்டார்கள். எதிர்பாராததைத் தாங்குவதற்கென்று விட்டுவைத்திருக்க வேண்டிய இடைவெளி முழுவதையும் சுமை காலையிலேயே தின்றுவிட்டிருக்கும். பிறகு காற்றோ வெப்பமோ சற்று மாறினாலே போதும்.

முதலில் சட்டம் ஏன் இப்படி அமைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்தின் மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்கள் சத்திழந்து கிடந்தன. டிராக்டர் ஏற முடியாத அந்தச் சரிவுகளில் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவ விமானத்தை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில், 1948இல் விமானப்படை விமானங்களைக் கொண்டு சோதனைகள் நடந்தன. 1949இல், போர்ப் பயிற்சிக்குப் பயன்பட்ட டைகர் மாத் விமானங்களின் முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உரத்தொட்டியைப் பொருத்தித் தனியார் தொழிலாகவே இது தொடங்கிவிட்டது. 1954இல் முதன்முதலாகப் பறந்த ஃப்ளெட்சர் எஃப்யூ-24 இந்த வேலைக்கென்றே கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது. பின்னர் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரிலேயே தயாராகி, அந்நாட்டு மலைப் பண்ணைகளின் அடையாளமாகவே ஆனது. ஏறக்குறைய ஒரு டன் உரத்தை ஏற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் அதன் நாள் முழுவதுமான வேலை.

பயணிகள் விமானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருதியே சட்டம் சலுகை தந்தது. இதில் விமானியைத் தவிர வேறு யாரும் இல்லை. கீழே ஊர் இல்லை. சுமையும் கிளம்பிய சில நிமிடங்களுக்குள் இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து என்று தெரிந்தால் சுமையை ஒரே இழுப்பில் கொட்டிவிடலாம். ஆகவே நியூசிலாந்தின் விவசாய விமான விதிகள், தொட்டியின் உச்சச் சுமையில் குறைந்தது 80 விழுக்காட்டை ஐந்து வினாடிக்குள் கொட்டும் ஏற்பாடு இருந்தால், வழக்கமான உச்ச எடையைத் தாண்டிப் பறக்கலாம் என்று அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் விவசாய விமான விதித்தொகுதிக்கும் நியூசிலாந்தின் விதித்தொகுதிக்கும் 137 என்ற ஒரே எண்தான். ஆனால் அமெரிக்க விதி, நெரிசலான குடியிருப்புப் பகுதிக்கு மேல் பறக்கும் விமானம் தன் சுமையில் பாதியை 45 வினாடிக்குள் கொட்ட முடிந்தால் போதும் என்கிறது. நியூசிலாந்து விதி மனத்தில் வைத்திருப்பது பறக்கும்போது வரும் ஆபத்தை மட்டுமன்று, தரையை விட்டு எழும் அந்தச் சில வினாடிகளையும்தான் என்பது ஐந்து வினாடி என்ற கணக்கிலிருந்தே புலப்படும்.

இனி சுமை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இறக்கை காற்றில் விமானத்தின் எடையைத் தாங்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். அந்த வேகத்தை எட்டத் தேவையான ஆற்றல் எடையோடும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. ஆகவே ஓட வேண்டிய தூரம் எடையின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். ஒரு கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 2,200 கிலோவில் 55 நாட் (மணிக்கு ஏறத்தாழ 102 கிலோமீட்டர்) வேகத்தில், 300 மீட்டர் ஓடி எழும்பும் விமானத்தில் 20 விழுக்காடு கூடுதலாக ஏற்றி 2,640 கிலோ ஆக்கினால், அது எழும்ப 60 நாட் வேகமும் சுமார் 430 மீட்டர் ஓட்டமும் தேவைப்படும். பண்ணையின் புல்தரை ஓடுபாதை 550 மீட்டர் என்றால் இன்னும் 120 மீட்டர் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். காலையில் 20 முறையும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமான ஓட்டிகளுக்காக வெளியிட்டுள்ள எளிய பெருக்குக் கணக்கு இங்கே உதவும். எடை 10 விழுக்காடு கூடினால் புறப்பாட்டுத் தூரம் 20 விழுக்காடு கூடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 10 விழுக்காடு. இடத்தின் உயரம் 1,000 அடி கூடினால் 10 விழுக்காடு. எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்காற்று வீசினால் 20 விழுக்காடு. நினைவில் வைக்க வேண்டியது, இவற்றை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். நம் விமானத்துக்கு மதியவேளையில் 10 டிகிரி வெப்பம் கூடுகிறது, ஆறு நாட் பின்காற்றும் வீசுகிறது என்று வையுங்கள். ஆறு நாட் என்பது மணிக்கு 11 கிலோமீட்டர். முகத்தில் படுவது தெரியும், இலைகள் சலசலக்கும், அவ்வளவுதான். 430ஐ 1.1 ஆலும் 1.2 ஆலும் பெருக்கினால் 570 மீட்டருக்குச் சற்றே குறைவாக வருகிறது. ஓடுபாதையோ 550 மீட்டர். சுமை ஒரு கிலோ கூடக் கூடவில்லை. ஆனாலும் விமானம் வேலியைத் தாண்டவில்லை. அதே மதிய மாற்றத்தைக் கையேட்டு எடையிலேயே சந்தித்திருந்தால் 300 மீட்டர் 400 ஆகியிருக்கும், விமானி அதைக் கவனித்திருக்கவும் மாட்டார். உங்கள் 21ஆவது முறையின் விடை இதுதான்.

காலைக்கும் மதியத்துக்கும் இடையே விமானிக்குச் சாதகமாகவும் சில மாறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பனி உலர்ந்து ஈரப்புல் காய்ந்தால் சக்கரம் இலகுவாக உருளும். எரிபொருள் செலவாகச் செலவாக எடை குறைந்துகொண்டே வரும். இந்த இரண்டாவது சாதகத்தில்தான் ஒரு வலை இருக்கிறது. வெயில் ஏறுவதும் எரிபொருள் குறைவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் ஒவ்வொரு புறப்பாடும் முந்தையதைப் போலவே அமையும். விமானியின் கண் அதற்குப் பழகிவிடும். பிறகு எரிபொருள் நிரப்புகிறார்கள். 150 லிட்டர் விமானப் பெட்ரோல் என்றால் ஏறத்தாழ 108 கிலோ. உரத்தை அள்ளித் தொட்டியில் போடும் லோடர் வண்டியை ஓட்டுபவர் வழக்கம்போல அதே பக்கெட்டை நிரப்பித் தொட்டியில் கவிழ்த்துவிட்டால், எடை 4 விழுக்காடும் தூரம் 8 விழுக்காடும் ஒரே தாவலில் கூடிவிடும். அனுபவமுள்ள விமானிகள் எரிபொருள் நிரப்பியவுடன் செல்லும் முதல் சுமையைக் குறைத்துக் கேட்பது இதனால்தான்.

தொட்டியில் எவ்வளவு எடை விழுந்தது என்பதே பல நேரம் சரியாகத் தெரிவதில்லை என்பது இன்னொரு சிக்கல். பக்கெட் அளப்பது கொள்ளளவை. ஓடுபாதை கேட்பதோ எடையை. ஒரு கன மீட்டர் யூரியா சுமார் 750 கிலோதான் இருக்கும். அதே கன மீட்டர் சூப்பர் பாஸ்பேட் 1,100 கிலோவை எட்டிவிடும். சுண்ணாம்பு அதையும் தாண்டும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். நம் ஊரில் யூரியா மூட்டையையும் சூப்பர் மூட்டையையும் தூக்கியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்கு ஒரே மாதிரி நிரம்பித் தெரியும் தொட்டிக்குள் பொருள் மாறியிருந்தால், விமானி தனக்கே தெரியாமல் நூற்றுக்கணக்கான கிலோவைச் சுமந்துகொண்டு கிளம்புவார். பக்கெட்டிலேயே எடை காட்டும் கருவியைப் பொருத்துவது இத்தொழிலில் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள முன்னேற்றம் என்பது என் கருத்து. விமானத்தில் எத்தனை நவீனக் கருவிகள் இருந்தாலும், சுமையின் எடை யூகமாக இருக்கும்வரை மற்றக் கணக்குகள் எல்லாமே யூகம்தான்.

ஓட்டத்தின் நீளம் ஒரு பாதி. மறுபாதியைப் புரிந்துகொண்டால்தான் பல விபத்துகளில் விமானம் தரையை விட்டு எழும்பிய பிறகு விழுவதன் காரணம் விளங்கும். இறக்கை தரைக்கு மிக அருகில் இருக்கும்போது, தூக்குவிசையை உண்டாக்குவதற்காக அது கொடுக்க வேண்டிய இழுவை, அதாவது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடை, குறைகிறது. தரையிலிருந்து இறக்கை நீளத்தின் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் அந்த வகை இழுவை ஏறத்தாழப் பாதியாகிவிடும். கால் பங்கு உயரத்தில் அதில் கால்வாசிக்குச் சற்றுக் குறைந்த அளவே குறையும். இறக்கை நீள அளவுக்கு உயர்ந்துவிட்டால் அந்தச் சலுகை மறைந்துவிடும். ஃப்ளெட்சரின் இறக்கை முனைக்கு முனை 12.8 மீட்டர். ஆகவே அளவுக்கு மீறிச் சுமந்த விமானம் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் நன்றாகவே பறக்கும். அதற்கு மேல் ஏறவும் மாட்டாது, வேகம் கூட்டவும் மாட்டாது. எடை 20 விழுக்காடு கூடினால், ஒரே வேகத்தில் அந்த இழுவை 44 விழுக்காடு கூடிவிடுகிறது. எஞ்சினின் ஆற்றலோ மாறுவதில்லை. ஏறுவதற்குப் பயன்படுவது எஞ்சின் தருவதற்கும் இழுவை தின்பதற்கும் இடையே மிஞ்சும் சிறு பகுதிதான் என்பதால், சுமை கூடும்போது ஏறும் திறன் அதே விகிதத்தில் குறைவதில்லை, சரிந்தே விடுகிறது.

அந்த நிலையில் முன்னால் வேலி தெரிந்தால் மனிதக் கை செய்ய விரும்புவது கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுப்பதைத்தான். இழுத்தால் மூக்கு உயரும், இழுவை இன்னும் கூடும், வேகம் குறையும். அதிகச் சுமையில் ஸ்டால் ஆகும் வேகமும், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகமும், உயர்ந்திருப்பதால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். பள்ளத்தாக்கின் வளைவை ஒட்டித் திரும்ப முயன்றாலும் இதே கதைதான்: 45 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்தின் ஸ்டால் வேகம் 19 விழுக்காடு கூடுகிறது.

நியூசிலாந்தின் ஓடுபாதைகள் இந்தக் குறையை மறைத்து வைக்கும் இயல்புடையவை. அவை பெரும்பாலும் மலை முகட்டில், ஒரு பக்கம் சரிந்து, சரிவின் முடிவில் நிலம் திடீரென்று பள்ளத்தாக்கில் இறங்கும் வகையில் அமைந்தவை. சரிவில் இறங்கியபடி கிளம்புவார்கள், சரிவில் ஏறியபடி இறங்குவார்கள்; எதிர்த்திசை என்பதே கிடையாது, ஆகையால் பின்காற்று வீசினாலும் அதே பக்கம்தான் புறப்பட்டாக வேண்டும். சமதரையில் எழும்பவே முடியாத சுமை இங்கே எழும்பிவிடும். ஓடுபாதை முடியும் இடத்தில் விமானம் முகட்டிலிருந்து நழுவிக் கீழே அமிழ்ந்து, அந்த வீழ்ச்சியிலேயே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு மேலே வரும். ஆடுகள் மேயும் சரிவுக்குக் கீழே விமானம் கண்ணிலிருந்து மறைந்து, ஒலி மட்டும் கேட்டு, சற்று நேரம் கழித்து எதிர்ச் சரிவின்மேல் தோன்றுவதை லோடர் ஓட்டுபவர் ஒரு நாளைக்குப் பலமுறை பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அது மேலே வந்துவிடுவதால், அது ஒரு கடன் என்பது மறந்துபோகிறது. முகட்டுக்கு அப்பால் காற்று கீழ்நோக்கி இறங்கும் நாளில் அந்தக் கடனை அடைக்க உயரம் இருக்காது.

ஆகவே எல்லாமே கொட்டும் நெம்புகோலை நம்பியிருக்கின்றன. ஐந்து வினாடி என்பது சட்டத்தில் குறுகிய நேரம். ஓடுபாதையில் அது நீண்ட தூரம். 55 நாட் வேகத்தில் விமானம் வினாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. சுமை இறங்க ஐந்து வினாடி என்றால் 140 மீட்டர். ஏதோ சரியில்லை என்று உணர்ந்து கையை இயக்க இரண்டு வினாடி என்றால் இன்னும் 56 மீட்டர். வேலிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும் என்பது இதன் பொருள். வேலி பெரிதாகக் கண்ணில் தெரியும் நேரத்தில் நெம்புகோலை இழுத்தால், மோதிய பிறகுதான் தொட்டி காலியாகும். இவ்வகை விபத்துகளில் அடிக்கடி நிகழ்வதும் இதுதான்: கொட்டவே இல்லை என்பதைவிட, கொட்டத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது என்பது. இதற்கு உள்ளக் காரணமும் இருக்கிறது. கொட்டிய உரம் பண்ணைக்காரரின் பணம், அதுவும் தேவையில்லாத இடத்தில் கொட்டிக் கிடப்பது எல்லோர் கண்ணிலும் படும். டன் கணக்கில் கூலி பேசும் தொழிலில் அரைச் சுமையாகப் போவதும் நட்டமாகத் தோன்றும். கொட்டியதற்காக விமானியை ஒருபோதும் கேள்வி கேட்பதில்லை என்று ஒரு நிறுவனம் உறுதியாக நடந்துகொண்டால், எந்தக் கருவியையும்விட அது அதிக உயிர்களைக் காக்கும் என்று நான் நம்புகிறேன்.

சிறு விமான ஓட்டிகளிடையே வழங்கும் ஒரு விதி உண்டு: ஓடுபாதையின் பாதித் தூரத்துக்குள் எழும்பும் வேகத்தில் 70 விழுக்காட்டை எட்டவில்லை என்றால் புறப்பாட்டைக் கைவிட வேண்டும். 0.7இன் வர்க்கம் ஏறத்தாழ 0.5 என்பதால், சீராக வேகம் கூடும் விமானம் பாதித் தூரத்தில் பாதி ஆற்றலைப் பெற்றிருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. சரிவான மலை ஓடுபாதையில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. ஈரப்புல்லில், கீழ்நோக்கிய சரிவில் பிரேக் பிடித்து நிற்பது நடவாத காரியம். அங்கே கைவிடுதல் என்பது நிறுத்துவதன்று. சுமையைக் கொட்டிவிட்டு வெறும் விமானமாக எழும்புவதுதான். கொட்டியவுடன் இலேசான விமானத்தின் மூக்கு சட்டென்று மேலே எழும் என்பதால், கோலை முன்னே தள்ளவும் விமானியின் கை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நெம்புகோலை உரிய நேரத்தில் இழுத்தும் சுமை இறங்காத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஈரம் பட்ட உரம் தொட்டியின் அடியில் வளைவு போலக் கட்டிக்கொண்டு, கதவு திறந்த பிறகும் மேலேயே தங்கிவிடும். முகட்டில் உள்ள கிடங்கின் தகரக் கூரை ஒழுகினாலே போதும். பக்கெட்டிலிருந்து தொட்டிக்குள் விழும் உரம் தூளாக உதிராமல் கட்டியாக விழுவதை முதலில் பார்ப்பவர் லோடர் ஓட்டுபவர்தான். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லும் உரிமை, விமானி சுமையைக் குறைத்துக் கேட்கும் உரிமைக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டும்.

விபத்து நேர்ந்தபின் பிழைப்பதைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் ஃப்ரெட் வைக் என்ற பொறியாளர் டெக்சாஸில் வடிவமைத்து 1950இல் பறக்கவிட்ட ஏஜி-1 என்ற விமானத்தில், தொட்டியை எஞ்சினுக்கும் விமானிக்கும் இடையில் வைத்தார். மோதும்போது முன்னால் உள்ள அந்தப் பகுதி முழுவதும் நசுங்கித் தாக்கத்தை வாங்கிக்கொள்ளும். பின்னால் உயரத்தில் வலுவான கூண்டுக்குள், தோள்வார் கட்டி அமர்ந்திருக்கும் விமானியை நோக்கிச் சுமை வருவதில்லை. பிற்காலத்து விவசாய விமானங்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பைத் தழுவியவை. 800 அமெரிக்க கேலன், அதாவது மூன்றாயிரம் லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் ஏர் டிராக்டர் 802உம் அப்படித்தான். ஃப்ளெட்சரிலோ விமானி முன்னால், தொட்டி அவருக்குப் பின்னால். ஒரு டன் உரம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்துவருகிறது.

தொட்டி இருந்த அந்த இடத்தில் மனிதர்களை ஏற்றியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு 2010 செப்டம்பர் 4 அன்று நியூசிலாந்தின் ஃபாக்ஸ் கிளேசியரில் நடந்தது ஒரு கொடிய சான்று. டர்பைன் எஞ்சின் பொருத்தி, பாராசூட் குதிப்பவர்களை ஏற்றிச் செல்வதற்காக மாற்றியமைத்த ஒரு ஃப்ளெட்சர், புறப்பட்டவுடன் மூக்கு செங்குத்தாக எழுந்து, தலைகுப்புற விழுந்து எரிந்தது. அதிலிருந்த 9 பேரும் இறந்தனர். விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கைப்படி, எடை அனுமதிக்கப்பட்டதைவிட 17 கிலோ மட்டுமே அதிகம்; ஆனால் எடையின் மையம், அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி, அனுமதித்த எல்லைக்கு 12 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் சென்றிருந்தது. ஆணையம் பின்னர் இதை மறு ஆய்வும் செய்தது. விபத்துக்கு அது ஒன்றுதான் காரணமா என்பதில் விவாதம் உண்டு. ஆயினும் நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த எண்கள் பொருத்தமானவை. கையேட்டில் உள்ள உச்ச எடை என்ற ஒற்றை எண்ணைத் தாண்டினோமா இல்லையா என்று மட்டும் பார்ப்பவருக்கு 17 கிலோ அற்பமாகத் தோன்றும். சுமை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை.

நீங்கள் இப்படிப்பட்ட ஓடுபாதை ஒன்றின் அருகே செல்ல நேர்ந்தால், ஓரத்தில் நடுப்பகுதியைத் தாண்டி ஏதேனும் வெள்ளைக் கம்பமோ வண்ணம் பூசிய டிரம்மோ நிற்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன 200 மீட்டர் கணக்கை விமானி ஓடும்போது மனத்தில் போட்டுக்கொண்டிருக்க முடியாது. காலையில் முதல் சுமைக்கு முன் அந்த இடத்தை நடந்து அளந்து குறி வைத்துவிட வேண்டும். அந்தக் குறியைக் கடக்கும் கணத்தில் சக்கரம் இன்னும் கனமாகத் தரையில் அழுந்திக்கொண்டிருந்தால், வேலியைப் பார்க்காமலேயே நெம்புகோலை இழுத்துவிடலாம்.